ஐந்தாவது சிம்பொனி: எந்தப் பாடாந்தரம்?

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு பெஞ்சில் உட்காருவது வழக்கம். எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள். சர்க்கரை அளவு, டி.ஏ. உயர்வு, டிசம்பர் கச்சேரி என்று பேச்சு போகும். 2025 மார்ச் 8-ஆம் தேதி இளையராஜா லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்துத் தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, அந்தப் பட்டியலில் சிம்பொனியும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் என்னைக் கேட்டார்.

"சார், நீங்க பாண்டிச்சேரியில பிரெஞ்சுப் படிப்பு படிச்சவர். இதெல்லாம் அந்தக் காலத்திலேர்ந்து கேக்கறவர். நேத்து போன்ல பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனின்னு தேடினேன். பக்கம் பக்கமா வருது. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் கோலை வெச்சுண்டு நிக்கறார். நோட்டு ஒண்ணுதானே சார்? எதைக் கேட்டா என்ன?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எதையும் குறிப்பு எழுதி வைத்தால்தான் திருப்தி. அந்தக் குறிப்புதான் இது. எழுத எழுத அவருக்கான பதில் குறைந்து என் குற்றப் பத்திரிகை வளர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் கேள்விக்கு வருகிறேன். நோட்டு ஒன்றுதான். ஆனால் நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க ஒரு சொல் தயாராக இருக்கிறது: பாடாந்தரம்.

தியாகராஜர் பிறந்தது 1767. பீத்தோவன் பிறந்தது 1770. இருவரும் சமகாலத்தவர்கள் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. தியாகராஜர் பாடியதைச் சீடர்கள் பாடம் செய்தார்கள். ஒரே கீர்த்தனை சீடர் பரம்பரைக்கு ஒரு விதமாக நமக்கு வந்து சேர்ந்தது. பீத்தோவன் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்தார். அப்படியானால் பாடாந்தரமே இருக்கக்கூடாது அல்லவா? இருக்கிறது. தாளில் ஸ்வரம் இருக்கிறது, கால அளவு இருக்கிறது, மெதுவாக, பலமாக என்ற குறிப்பு இருக்கிறது. எவ்வளவு பலம், எத்தனை வயலின், இழுத்து நிறுத்தும் இடத்தில் எத்தனை நொடி என்பது இல்லை. அதெல்லாம் கோல் பிடித்தவர் கையில். அவர் பாடாந்தரம் அது.

வேகத்தைப் பற்றி மட்டும் பீத்தோவன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தார். மெட்ரோனோம் வந்த பின் 1817-இல் தன் சிம்பொனிகளுக்கு வேக எண்களை அச்சிட்டார். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 அடி. அஷ்டோத்திர எண்! ஆனால் அர்ச்சகர்கள் எல்லோரும் ஒரே வேகத்திலா அர்ச்சனை செய்கிறார்கள்? பல பேர் அந்த எண்ணைப் பார்த்தும் பார்க்காதது போல் கடந்து போனார்கள். ரெனே லைபோவிட்ஸ் என்பவர் பாரிஸில் வாழ்ந்தவர். 1961-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட்டுக்காக ஒன்பது சிம்பொனிகளையும் பதிவு செய்தபோது அந்த எண்களை ஒட்டியே போக முயன்றார். அவருக்கு வாசித்ததும் அதே ராயல் ஃபில்ஹார்மோனிக்தான். பிரெஞ்சுக்காரரான பியர் பூலே 1968-இல் பதிவு செய்தபோது நேர்மாறாக, அடி அடியாக அளந்து வைப்பது போல் மெதுவாகப் போனார். ஒரே தாள், ஒரே ஸ்வரம். ஒன்றைக் கேட்டால் ஓடத் தோன்றும். மற்றதைக் கேட்டால் உட்காரத் தோன்றும்.

எதைக் கவனிப்பது என்று கேட்பவர்களுக்கு மூன்று இடங்களைச் சொல்வேன்.

முதலாவது, ஆரம்பம். ஸட்ஜத்தை அவர்களுடைய 'தோ' என்று வைத்துக்கொண்டால், ப ப ப க, ம ம ம ரி. எட்டே ஒலிகள். அந்த 'க'விலும் 'ரி'யிலும் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் கதவைத் தட்டிவிட்டு உடனே உள்ளே வருவார்கள். சிலர் தட்டிவிட்டு வாசலிலேயே நிற்பார்கள்.

இரண்டாவது, முதல் பகுதி பாதிக்கு மேல் போனதும் எல்லா வாத்தியமும் நின்று, ஓபோ மட்டும் தனியாகச் சில நொடி வாசிக்கும் இடம். ஓபோவும் நம் நாகஸ்வரம் போல் சீவாளி வாத்தியம்தான், ஓசை மட்டும் சின்னது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில் ஒரு ஆள் பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கும். கோல் பிடித்தவர் அந்த ஆளுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் இடைவெளி இல்லாமல் சேரும் இடம். தந்தி வாத்தியங்கள் ஒரே ஸ்வரத்தில் கம்மென்று நிற்க, டிம்பனி என்ற பெரிய முரசு மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். மெள்ள வளர்ந்து, சட்டென்று வெயில் அடித்தது போல் நான்காம் பகுதி. நம் கணக்கில் ஏறக்குறைய நடபைரவி, கீரவாணி சாயலிலிருந்து சங்கராபரணத்துக்கு வந்து சேர்வது. அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ட்ராம்போன்களும் பிக்கலோவும் அங்கேதான் முதல் தடவையாகச் சேருகின்றன. இணையத்தில் இலவசமாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சரியாக அந்த இடத்தில் முழங்கால் வலித் தைல விளம்பரம் வரும். எனக்கு வந்தது.

இனி என் கதை.

நான் முதலில் இதைக் கேட்டது பாண்டிச்சேரியில், எங்கள் வாத்தியார் வீட்டில். 1962-இல் சட்டப்படி பாண்டிச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகும் எங்களுக்குப் படிப்பு பிரெஞ்சில்தான் நடந்தது. வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பையன்களைக் கூப்பிட்டு ரிகார்டு போடுவார். பாரிஸ் கன்சர்வத்துவார் ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் கார்ல் ஷூரிக்ட். எனக்கு வேறொன்று கிடையாது என்பதால் ஐந்தாவது சிம்பொனி என்றால் அதுதான் என்று நினைத்தேன். வேறு விதமாகவும் வாசிக்கலாம் என்பதே தெரியாது.

பிறகு சென்னையில் மத்திய அரசு வேலை. மூன்றாவது சம்பளக் கமிஷன்படி எல்.டி.சி.க்கு அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய். ஒரு நல்ல எல்.பி. ரிகார்டு வாங்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இன்று போல் நூறு பதிவுகளைத் தட்டித் தட்டிப் பார்க்க முடியாது. மவுண்ட் ரோடு மியூசி மியூசிகலில் நின்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, வாங்காமல் பஸ் ஏறிய நாட்களே அதிகம். வாங்கியதெல்லாம் பெரும்பாலும் மூர் மார்க்கெட்டில், பழையதாக.

அப்படி மூர் மார்க்கெட்டில் கிடைத்ததுதான் ஃபூர்ட்வாங்லர் 1947. அந்தப் பதிவின் பின்னணியை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்திருந்தேன். போர்க் காலத்தின் பெரும்பகுதி ஜெர்மனியில் இருந்தவர் என்பதால் போருக்குப் பின் விசாரணை. அது முடிந்து 1947 மே மாதம் பெர்லினில் மறுபடி கோல் பிடித்தார். அந்த மே மாதக் கச்சேரியில் பதிவானதுதான் அது. இடிந்த நகரம், திரும்பி வந்த மனிதர், ஐந்தாவது சிம்பொனி. இதைவிட என்ன வேண்டும்? அந்த ரிகார்டைப் போடும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் சிம்பொனி, மற்றதெல்லாம் அபிநயம் என்று அலுவலகத்தில் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தேன்.

என் பக்கத்து செக்‌ஷனில் மந்தவெளிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அதிகம் பேசமாட்டார். 1981-இல் ஒரு நாள், செய்தித்தாளில் சுற்றிய ரிகார்டு ஒன்றை என் மேஜையில் வைத்து, "இதைக் கேட்டுப் பாருங்க" என்றார். எரிக் கிளைபர், ஆம்ஸ்டர்டாம் கன்சர்ட்கெபௌ ஆர்கெஸ்ட்ரா, டெக்கா, 1953.

அந்த நேரத்தில் எரிக்கின் மகன் கார்லோஸ் கிளைபர் 1974-இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவு பெரிய புகழோடு உலவிக்கொண்டிருந்தது. நான் முதல் பக்கத்தில் பாதி கேட்டேன். மோனோ பதிவு, ஓசை மெலிசு. ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மகனே வாசிச்சப்புறம் அப்பா எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் ரிகார்டை மறுபடி செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பின் எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் என்னிடம் இசை பேசவில்லை.

இப்போது நாற்பது வருஷம் தாண்டி வருகிறேன். மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்து அடையாற்றில் மகன் ஃப்ளாட்டுக்குப் போக வேண்டிய நிலை. அலமாரி ஒன்றுதான் தருவேன் என்று மருமகள் கறாராகச் சொல்லிவிட்டாள். ரிகார்டுகளையும் சி.டி.க்களையும் கழிக்க வேண்டும். ஐந்தாவது சிம்பொனி மட்டும் என்னிடம் ஏழு இருந்தது. எதை வைப்பது, எதைக் கொடுப்பது?

அப்போதுதான் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. பிரெஞ்சு வானொலியில் 1946 முதல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. விமர்சகர்கள் சிலர் உட்காருவார்கள். ஒரே இசையின் பல பதிவுகள், யார் வாசித்தது என்று சொல்லாமலே ஒலிக்கும். அவர்கள் வாதம் செய்து, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து, கடைசியில் பெயர் வெளிவரும்போது சில பேர் முகம் சிவக்கும். இது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. அந்த நாளில் பாட்டு நடுவில் வானொலியைத் திருப்பிவிட்டு, "யார் பாடறது, சொல்லு பார்ப்போம்" என்று வீட்டில் எத்தனை பந்தயம் கட்டியிருக்கிறோம்! அறிவிப்பாளர் பெயர் சொல்லும்வரை எல்லோருக்கும் காது மட்டும்தான் இருந்தது.

கல்லூரியில் படிக்கும் பேத்தியைப் பிடித்தேன். ஐந்து பதிவுகள், அவள் இஷ்டப்பட்ட வரிசையில், பெயர் சொல்லாமல். ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் என்பதால் ஸ்டீரியோ, மோனோ பேதம் கண்டுபிடிக்க வழியில்லை. நான் நோட்டில் குறிப்பும் மார்க்கும் எழுத வேண்டும்.

முதலாவது: ஆரம்பத்து எட்டு ஒலியிலேயே ஃபூர்ட்வாங்லர் என்று தெரிந்துவிட்டது. ஆகவே அதற்கு நான் போட்ட மார்க் செல்லாது. இரண்டாவது: 'பழைய பாணி. கொஞ்சம் கனம். அப்பா கிளைபராக இருக்கலாம்.' மூன்றாவது: 'இதுதான். கோபம் இருக்கிறது, பதற்றம் இல்லை. ஓபோவுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிறார். மகன் கிளைபர், சந்தேகமே இல்லை.' நான்காவது: 'வேகம். லைபோவிட்ஸ்.' ஐந்தாவது: 'மூன்றாவதின் ஜாதி. பளபளப்பு கூட. காராயானோ?'

பேத்தி விடையைப் படித்தாள். இரண்டாவது காராயான், பெர்லின், 1962. ஐந்தாவதுதான் கார்லோஸ், மகன். மூன்றாவது எரிக் கிளைபர், 1953.

"தாத்தா, அஞ்சுக்கு ரெண்டு. ஃபெயில்" என்றாள்.

அவளுக்கு அது வேடிக்கை. நான் நோட்டை மூடிவிட்டு எழுந்து ஜன்னலருகே போனேன். மந்தவெளிக்காரர் 2019-இல் காலமானார். போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அவர் செய்தித்தாளைப் பிரித்து என் மேஜையில் வைத்ததைத்தான் நாற்பது வருஷம் கழித்து, பெயர் தெரியாமல், 'இதுதான்' என்று எழுதியிருக்கிறேன். சொல்வதற்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரிக் கிளைபருக்கும் ஒரு கதை உண்டு. 1934 டிசம்பரில், நாஜிகள் இசையில் தலையிடுவதைப் பொறுக்காமல் பெர்லின் அரசு ஆப்பராவில் தன் பெரிய பதவியை உதறிவிட்டு வெளியேறியவர் அவர். பிறகு அர்ஜென்டினாவில் போய்க் குடியேறினார். நாட்டிலேயே தங்கியவர் ஃபூர்ட்வாங்லர், வெளியேறியவர் எரிக். இந்தக் கதை அன்று எனக்குத் தெரிந்திருந்தால் ஒருவேளை அவரையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். நண்பருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கதை சொல்லவில்லை. "கேட்டுப் பாருங்க" என்று மட்டும்தான் சொன்னார். நான்தான் இசையைக் கேட்காமல் கதைக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். முதலில் காது, பிறகு கதை. கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. 1947 பெர்லினை அறிந்து கேட்பது ஒரு அனுபவம்தான், அந்த ரிகார்டை நான் கொடுக்கவும் இல்லை. ஆனால் வரிசை மாறினால் காது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. சபாவில் மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தே தலையாட்ட ஆரம்பிக்கிறோமே, அந்த வியாதிதான் இது. 'சிறந்த பத்துப் பதிவுகள்' என்று வருகிற பட்டியல்களும் இதற்குத் துணை. அவை ஒரு நூறைப் பத்தாகக் குறைக்க உதவும். பத்தை ஒன்றாகக் குறைக்க நம் காதைத் தவிர வேறு நாதி இல்லை.

எழுபது தாண்டியவர்களுக்கு ஒரு ஆறுதல். பழைய மோனோ பதிவுகளில் மேல் ஸ்தாயி குறைவு என்பார்கள். நமக்கும் அது குறைந்துதான் போயிருக்கிறது, கணக்கு சரியாகிவிடும். ஆனால் போனில் இருக்கும் ஸ்பீக்கரை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாம் பகுதி டபுள் பேஸ் என்ற பெரிய வயலின்கள் அடி ஸ்தாயியில் முனகுவதில்தான் ஆரம்பிக்கிறது. போனில் அது காதில் விழாது. 2005 டிசம்பர் 26, சுனாமியின் முதல் நினைவு நாளில், ஜூபின் மேத்தா பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவுடன் மியூசிக் அகாடமிக்கு வந்தார். பால்கனியில் இருந்தேன். டபுள் பேஸ் ஒலி நாற்காலி வழியாக ஏறி வந்தது. எந்தப் பதிவும் அதைத் தராது என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டுதான் பதிவுகளை எடை போட வேண்டும்.

பூங்கா நண்பருக்கு மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தேன். எரிக் கிளைபர் 1953, காராயான் 1962, கார்லோஸ் கிளைபர் 1974. "உங்க பையனை விட்டுப் போடச் சொல்லுங்க. நீங்க திரையைப் பாக்காதீங்க. ஒவ்வொண்ணும் அரை மணி சொச்சம். ஒரே நாள்ல வேண்டாம்" என்றேன். எனக்குப் பிடித்தது எது என்று சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து வந்தார். மூன்றையும் கேட்டாராம்.

"எனக்கு ரெண்டாவதுதான் சார். காராயான்னு பையன் சொன்னான். அந்த முரசு தட்டித் தட்டி, பளிச்சுனு வர்ற இடம் இருக்கே... எங்காத்துல அவ போனப்புறம் இப்பதான் சார் இப்படி ஒண்ணு எனக்கு நடக்கறது."

பளபளப்பு, மெருகு, கனம் என்று எனக்கு வாயில் ஏதேதோ வந்தது. 1981-இல் சொல்லியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினேன்.

அன்று மாலை கொடுக்க எடுத்து வைத்திருந்த கட்டிலிருந்து காராயானை வெளியே எடுத்தேன். இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன்.